ஸ்டூடியோ கைமாறும்போது எது யாருக்குப் போகிறது? தென்னாப்பிரிக்கத் தமிழ் கேம் படைப்பாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா, லாடியம் வட்டாரங்களில் கேம் ஸ்டூடியோ நடத்தும், நடத்த நினைக்கும் தம்பி தங்கையருக்கும், அவர்களை நம்பி முதல் போடும் பெரியப்பா, மாமா, அத்தைமாருக்கும்,

வணக்கம்.

கேம் எழுதுகிறவர்கள், ஒப்பந்தம் எழுதுகிறவர்கள், கணக்குப் பார்க்கிறவர்கள் என்று இந்தத் தொழிலின் மூன்று பக்கமும் இருப்பவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். நம் நாட்டில் கேம் தொழில் நேற்று முளைத்ததில்லை. செலஸ்டியல் கேம்ஸ் 1996-லேயே 'டாக்சிக் பன்னி'யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேப் டவுனில் ஃப்ரீ லைவ்ஸ் செய்த 'ப்ரோஃபோர்ஸ்' 2015-இல் முழுமையாக வெளிவந்தது. ஜோஹனஸ்பர்க்கின் நியாமகோப் 2018-இல் 'செம்ப்ளன்ஸ்' கேமை நின்டெண்டோ ஸ்விட்சில் ஏற்றியது. நம் பிள்ளைகளின் திறமை பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. ஒரு நாள் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று "உங்கள் ஸ்டூடியோவில் பணம் போட விரும்புகிறோம்" என்று எழுதும்போது, வீட்டில் எல்லோரும் மகிழ்ச்சியில் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

ஸ்டூடியோ விற்பனை என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். உண்மையில் அங்கே மூன்று பொருள்கள் கைமாறுகின்றன: கம்பெனியின் பங்கு, கேமின் பெயரும் உரிமையும், வேலை செய்யும் ஆட்கள். மூன்றும் வெவ்வேறு தாளில், வெவ்வேறு சட்டத்தின்கீழ், சில சமயம் வெவ்வேறு ஆட்களுக்குப் போகின்றன. மூன்றையும் ஒரே மூட்டை என்று நினைத்தவர்கள்தான் பின்னால் தவித்திருக்கிறார்கள். இதைக் காட்ட அமெரிக்க ஸ்டூடியோவான பஞ்ஜியின் வரலாற்றைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளில் அது பலமுறை கைமாறியது. ஒவ்வொரு முறையும் வேறொன்றை விட்டுக்கொடுத்து வேறொன்றைக் காப்பாற்றியது.

1991-இல் சிகாகோவில் அலெக்ஸ் செரோபியன் தொடங்கிய கம்பெனி அது. ஜேசன் ஜோன்ஸ் விரைவிலேயே கூட்டாளியானார். மாக் கணினிக்காரர்களுக்கு நல்ல கேம் கிடைக்காத காலத்தில் அவர்களுக்கென்றே எழுதி வளர்ந்தார்கள். 1994-இல் 'மாரத்தான்', 1997-இல் 'மித்'. அடுத்த ஆண்டின் கடைசியில் 'மித்'தின் இரண்டாம் பாகம் வட்டுகளில் பதிவாகி, பெட்டிகளில் ஏறிக் கிளம்பிய நேரத்தில் ஒரு பிழை தெரியவந்தது. கேமைக் கணினியிலிருந்து நீக்கும் நிரல், கேம் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அந்த ஃபோல்டரையே முழுதாக அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. வழக்கமான இடத்தில் கேமைப் போட்டவருக்குத் தொந்தரவில்லை. தனி ஃபோல்டர் இல்லாமல் டிரைவின் மேல்மட்டத்திலேயே போட்டவர் கேமை நீக்கினால் டிரைவில் உள்ள எல்லாமே போய்விடும். (நிறுவும்போது எழுதிய கோப்புகளின் பட்டியலை வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் அழிக்க வேண்டும், ஃபோல்டர் காலியாக இருந்தால் மட்டுமே ஃபோல்டரை அழிக்க வேண்டும். இன்றைக்கும் சொந்தமாக நிறுவல் நிரல் எழுதுகிறவர்கள் இதில் வழுக்குகிறார்கள்.)

பஞ்ஜி சுமார் 2 லட்சம் பிரதிகளைத் திரும்பப் பெற்றது. செலவு சுமார் 8 லட்சம் டாலர். சிறிய கம்பெனிக்கு அது கழுத்தை நெரிக்கும் தொகை. வாடிக்கையாளரின் கணினி அழியட்டும் என்று விடாமல் திரும்பப் பெற்றதற்கு அவர்களை மதிக்கிறோம். ஆனால் கையிருப்பு கரைந்துவிட்டது. 1999-இல் 19.9 சதவீதப் பங்கை டேக்-டூ என்ற பதிப்பக நிறுவனத்துக்கு விற்றார்கள். அந்த எண்ணைக் கவனியுங்கள். 20 சதவீதத்தைத் தொட்டால் வாங்குபவரின் கணக்குமுறையே மாறும் என்பதால் அமெரிக்கக் கம்பெனிகள் 19.9-இல் நிற்பது வழக்கம். சிறுபான்மைப் பங்குதானே என்று அப்போது தோன்றியிருக்கும்.

2000 ஜூனில் மைக்ரோசாஃப்ட் வந்தது. அதன் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸ் வெளிவர ஒன்றரை ஆண்டு இருந்தது. அதற்கு ஒரு பெரிய கேம் வேண்டும். 1999-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் மேடையிலேயே காட்டிய 'ஹேலோ' பஞ்ஜியின் கையில் இருந்தது. ஆனால் டேக்-டூவின் பங்கை வாங்காமல் முழுக் கம்பெனியையும் மைக்ரோசாஃப்ட் எடுக்க முடியாது. பேரத்தின் முடிவில் டேக்-டூவுக்குக் கிடைத்தது 50 லட்சம் டாலரும், 'மித்', 'ஓனி' இரண்டின் உரிமையும். 'மித்'தின் மூன்றாம் பாகம் 2001-இல் வேறு ஸ்டூடியோவின் கையால் வந்தது. நீக்கல் நிரலில் இருந்த ஒரு பிழை, பணமுடை, சிறுபான்மைப் பங்கு, கடைசியில் இரண்டு கேம்களின் பெயர். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்த விதத்தைப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாதவர், விற்பனை நாளன்று மேசையில் உட்கார்ந்து தமக்கு வேண்டியதைக் கேட்க முடியும்.

'ஹேலோ' 2001 நவம்பர் 15 அன்று எக்ஸ்பாக்ஸோடு வெளிவந்தது. அதன் வெற்றியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகு பஞ்ஜியில் இருந்தவர்கள் வேறு கேம் செய்ய விரும்பினாலும் செய்ய முடியவில்லை; உரிமையாளருக்கு அடுத்த 'ஹேலோ' வேண்டும். 2007 அக்டோபரில் இருவரும் பிரிவதாக அறிவித்தார்கள். பஞ்ஜி மறுபடியும் தனிக் கம்பெனி ஆனது. மைக்ரோசாஃப்ட் சிறுபான்மைப் பங்கை வைத்துக்கொண்டது. 'ஹேலோ' என்ற பெயர், பாத்திரங்கள், உலகம் எல்லாம் மைக்ரோசாஃப்டோடு தங்கின. பிரிந்த பிறகும் 2009-இலும் 2010-இலும் மைக்ரோசாஃப்டுக்காக மேலும் இரண்டு 'ஹேலோ' கேம்களைச் செய்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். அதன்பின் அந்தத் தொடருக்காகவே மைக்ரோசாஃப்ட் புதிதாக ஆரம்பித்த 343 இண்டஸ்ட்ரீஸ் அதை எடுத்துக்கொண்டது.

பஞ்ஜி எடுத்த முடிவுகளிலேயே துணிச்சலானது இதுதான் என்பது எங்கள் கருத்து. உலகப் புகழ்பெற்ற பெயரை விட்டுவிட்டு, ஆட்களோடு வெளியே வருவது எளிதில்லை. நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு இது புரியும்: கடையை விற்கும்போது சரக்குக்கு ஒரு விலை, 'குட்வில்'லுக்கு ஒரு விலை; பெயர்ப் பலகையைக் கொடுத்துவிட்டால் எதிர்த்தெருவில் அதே பெயரில் திரும்பக் கடை வைக்க முடியாது, கைப்பக்குவம் மட்டும் உங்களோடு வரும்.

அடுத்த ஒப்பந்தத்தில் அவர்கள் பாடம் படித்தவர்களாக இருந்தார்கள். 2010 ஏப்ரலில் ஆக்டிவிஷன் என்ற பதிப்பக நிறுவனத்தோடு, 'டெஸ்டினி' என்ற புதுத் தொடருக்காகப் பத்தாண்டுப் பதிப்பு ஒப்பந்தம். இதன் முழு வாசகம் 2012-இல் வேறொரு வழக்கின் ஆவணமாக வெளியே வந்ததால், பதிப்பாளர் ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிற எவரும் படிக்க வேண்டிய தாளாக அது ஆகிவிட்டது. கேமைச் செய்யும் செலவுக்கு ஆக்டிவிஷன் பணம் தரும், பதிப்பிக்கும். ஆனால் 'டெஸ்டினி'யின் அறிவுசார் சொத்துரிமை பஞ்ஜியினுடையது. விமர்சன மதிப்பெண் சராசரி 90-ஐத் தொட்டால் 25 லட்சம் டாலர் ஊக்கத்தொகை என்றும் ஒரு விதி இருந்தது. 2014-இல் வந்த 'டெஸ்டினி' அந்த எண்ணை எட்டவில்லை. உங்கள் கையில் இல்லாத ஓர் எண்ணின்மேல் உங்கள் வருமானத்தைக் கட்ட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறோம். விற்ற பிரதிகளின் எண்ணிக்கை, வந்த வருமானம், குறித்த நாளில் ஒப்படைத்தல் இவை கணக்கில் நிற்கும். விமர்சகரின் மனநிலை நிற்காது.

2018 ஜூனில் சீனாவின் நெட்ஈஸ் நிறுவனம் 10 கோடி டாலருக்கும் மேல் கொடுத்துச் சிறுபான்மைப் பங்கு வாங்கியது. 2019 ஜனவரியில் பஞ்ஜியும் ஆக்டிவிஷனும் ஒப்பந்தக் காலம் முடியுமுன்பே பிரிந்தன. இந்த முறை பெயரை விட்டுவிட்டு வர வேண்டிய தேவை இல்லை. 'டெஸ்டினி'யை வெளியிடும் பொறுப்பு முழுவதும் பஞ்ஜிக்கு வந்துசேர்ந்தது. ஒன்பது ஆண்டுக்கு முன் எழுதிய ஒரு விதி அன்றைக்குப் பலன் கொடுத்தது.

பிறகு 2022 ஜனவரியில் சோனி 360 கோடி டாலருக்கு பஞ்ஜியை வாங்குவதாக அறிவித்தது, ஜூலையில் முடிந்தது. இந்தத் தொகைக்குள் ஒரு விவரம் இருக்கிறது. சோனி தன் முதலீட்டாளர்களுக்குத் தந்த கணக்கின்படி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கான 120 கோடி டாலர், ஊழியர்கள் வேலையில் தங்கியிருப்பதற்காக ஒதுக்கிய தொகை. ஆண்டுகள் செல்லச் செல்லத் தவணையாகக் கைக்கு வரும். அப்படியிருந்தும் 2023 அக்டோபரில் சுமார் 100 பேரும், 2024 ஜூலை இறுதியில் 220 பேரும் வேலை இழந்தார்கள். அந்த 220 என்பது ஊழியர்களில் 17 சதவீதம். அவர்களைத் தவிர 155 பேரைச் சோனியின் மற்ற பிரிவுகளுக்கு மாற்றினார்கள். பங்கும் பெயரும் நல்ல விலைக்குப் போனதால் ஆட்கள் பத்திரம் என்று ஆகிவிடாது. மூன்றும் தனித்தனி என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

பெயர் போனால் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் வேகாஸின் வெஸ்ட்வுட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1985-இல் தொடங்கியது, 'கமாண்ட் அண்ட் கான்கர்' தொடரால் பெயர் பெற்றது, 1998-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பதிப்பக நிறுவனம் 12.25 கோடி டாலருக்கு வாங்கியது, 2003-இல் மூடிவிட்டது. வெளியே வந்தவர்கள் பெட்ரோகிளிஃப் என்று புது ஸ்டூடியோ தொடங்கினார்கள். 2020-இல் அந்தப் பழைய கேமைப் புதுப்பித்து வெளியிட்டபோது, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அந்த வேலையைப் பெட்ரோகிளிஃபுக்கே கொடுத்தது. தாம் படைத்ததன்மேல் கூலிக்கு வேலை செய்தார்கள். இன்னொரு நஷ்டமும் உண்டு. வெஸ்ட்வுட் 1997-இல் செய்த 'பிளேடு ரன்னர்' கேமின் சோர்ஸ் கோட் (எழுதிய மூல நிரல்), அலுவலகம் லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறியபோது தொலைந்துபோனது. பிற்பாடு அதைப் புதுப்பித்தவர்கள் முடிந்த கேமைப் பிரித்துப் பார்த்து உள்ளே இருப்பதைத் தாமாகக் கண்டுபிடித்து எழுத வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கம் 'ஹிட்மேன்' தொடரைச் செய்த டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ். 2004-இல் ஐடாஸ் என்ற பதிப்பக நிறுவனம் வாங்கியது. 2009-இல் ஐடாஸையே ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் வாங்கியது. அதாவது ஐஓவைக் கேட்காமலேயே ஐஓவின் முதலாளி மாறினார். 2017 மே மாதம் ஸ்குவேர் எனிக்ஸ் ஐஓவைக் கைவிடுவதாக அறிவித்தது. ஜூனில் நிர்வாகிகளே கம்பெனியை வாங்கினார்கள், 'ஹிட்மேன்' உரிமையோடு சேர்த்து. 2018-இல் வேறு பதிப்பாளரோடும், 2021-இல் தாங்களே பதிப்பாளராகவும் அடுத்தடுத்த பாகங்களை வெளியிட்டார்கள். கைவிடும் அறிவிப்புக்கும் நிர்வாகிகள் வாங்கியதற்கும் இடையே ஏறக்குறைய ஒரு மாதம்தான். ஆட்கள் சிதறுமுன் உரிமையும் கூட வந்ததால்தான் இது கைகூடியது. உரிமை இல்லாமல் நிர்வாகிகள் கம்பெனியை மட்டும் வாங்கியிருந்தால் மேசையும் நாற்காலியும்தான் மிஞ்சியிருக்கும்.

இனி நம் நாட்டுச் சட்டம். இங்கேதான் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஒப்பந்தங்கள் அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ எழுதியவை.

நம் காப்புரிமைச் சட்டம் (காப்பிரைட் சட்டம்) 1978-இன் 98-ஆம் எண் சட்டம். அதில் 'வீடியோ கேம்' என்று ஒரு வகையே இல்லை. நின்டெண்டோவுக்கும் கோல்டன் சைனா என்ற விற்பனையாளருக்கும் நடந்த வழக்கில், 1997-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் பதிவான தீர்ப்பில், மேல்முறையீட்டு நீதிமன்றம் திரையில் ஓடும் கேம் ஒரு சினிமாப் படமாகவே பாதுகாப்புப் பெறும் என்றது. அதை ஓட்டும் நிரலுக்குத் தனி வகை இருக்கிறது. சினிமாப் படம் என்று ஆவதால் என்ன? சட்டத்தின் 21(1)(சி) பிரிவு சொல்கிறது: ஒருவர் பணம் தந்து, அல்லது தருவதாக ஒப்புக்கொண்டு, ஒரு படத்தைச் செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காப்புரிமை பணம் தந்தவருக்கே. புகைப்படம், படம், ஒலிப்பதிவு இவற்றுக்கு உள்ள இந்த விதி நாவலுக்கோ ஓவியத்துக்கோ பொதுவாக இல்லை. ஆகவே ஒரு பதிப்பாளர் உங்களுக்குத் தவணை முறையில் செலவுப் பணம் தந்து, ஒப்பந்தத்தில் உரிமை பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் விட்டால், "நாங்கள் செய்யச் சொன்ன படம்" என்று அவர் வாதிட வழி இருக்கிறது. மௌனம் உங்களுக்குப் பாதகம். முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: தரப்படும் தொகை எதிர்கால ராயல்டிக்கான முன்பணம்; இது 21(1)(சி) பிரிவின்கீழ் செய்யச் சொன்ன வேலை ஆகாது; காட்சி, ஒலி, நிரல், பாத்திரங்கள், பெயர் எல்லாவற்றின் உரிமையும் ஸ்டூடியோவினுடையது; பதிப்பாளருக்குக் கிடைப்பது இன்னின்ன தளத்தில், இத்தனை ஆண்டுக்கு, வெளியிடும் உரிமம் மட்டும்.

இதே கத்தி உங்கள் பக்கமும் திரும்பும். மாதச் சம்பளத்தில் இருப்பவர் வேலையின் பகுதியாகச் செய்ததன் காப்புரிமை கம்பெனிக்கு. ஆனால் இசை போட்டுக் கொடுத்த நண்பர், பாத்திரம் வரைந்து கொடுத்த சித்தப்பா மகள் இவர்கள் ஊழியர்கள் இல்லையென்றால், இசையும் ஓவியமும் அவர்களுக்கே சொந்தம், நீங்கள் காசு கொடுத்திருந்தாலும். அதை ஸ்டூடியோவுக்கு மாற்றினால்தான் மாறும்; 22(3) பிரிவின்படி அந்த மாற்றம் எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "சரி அண்ணா" என்று வந்த பதில் போதாது. 2002-இன் மின்னணுத் தொடர்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சட்டமே கையெழுத்துக் கேட்கும் இடத்தில் அங்கீகாரம் பெற்ற உயர்நிலை மின்கையெழுத்தை மட்டுமே ஏற்கும். படத்தை ஒட்டி அனுப்பும் கையெழுத்து அந்த வகை இல்லை. ஆகவே பேனாவால் தாளில் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் எடுத்து, அசலைப் பத்திரப்படுத்துங்கள். வாங்க வருபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான். ஒரு பாட்டுக்குத் தாள் இல்லையென்றாலும் விலை குறையும், அல்லது அந்தப் பாட்டுக்காரர் கிடைக்கும்வரை பணத்தில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படும்.

பங்கு விஷயத்தில் கம்பெனிச் சட்டம் (2008-இன் 71) உங்களுக்கு ஓரளவு காவல் தருகிறது. கம்பெனியின் சொத்து முழுவதையோ பெரும்பகுதியையோ விற்க வேண்டுமானால் 112, 115 பிரிவுகளின்கீழ் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பொதுவாக 75 சதவீத ஓட்டு. அதாவது 25-க்கு மேல் பங்கு வைத்திருக்கும் ஒருவர் தனியாகவே தடுக்க முடியும். தனியார் கம்பெனியில் புதுப் பங்கு வெளியிட்டால் இருக்கிற பங்குதாரருக்கு முதலில் வாய்ப்பளிக்க வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கம்பெனியின் எம்.ஓ.ஐ. என்ற அமைப்பு விதித் தாளில் அதை விலக்கவும் முடியும். முதலீட்டாளர் கொண்டுவரும் புது எம்.ஓ.ஐ.-யில் இந்த விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சம பங்காக நாலு பேர் ஆளுக்கு 25 சதவீதம் என்று பிரித்துக்கொள்வது நம்மவர்களிடம் வழக்கம். அதில் ஒருவர் இரண்டாம் ஆண்டு கனடாவுக்குப் போய்விட்டால் அந்தக் கால்பங்கும் கூடவே போகிறது. ஆகவே முதல் நாளே பங்கை நான்கு ஆண்டில் சிறிது சிறிதாகச் சேருமாறு எழுதுங்கள்: முதல் ஆண்டு முடிந்தால் கால்பாகம், அதன்பின் மாதந்தோறும். இடையில் விலகினால் சேராத பங்கு கம்பெனிக்குத் திரும்பும்.

வெளிநாட்டார் பங்கு வாங்கினால் வங்கி வழியாக ரிசர்வ் வங்கி விதிகளையும் பார்க்க வேண்டும். பங்குச் சான்றிதழில் 'வெளிநாட்டில் வசிப்பவர்' என்ற முத்திரையை அங்கீகரித்த வங்கி போட வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னாளில் லாபப் பங்கையோ விற்ற பணத்தையோ அவர் வெளியே எடுத்துச் செல்ல முடியாமல் திணறுவார். அந்தத் திணறல் உங்கள் தலையில் விழும். கேமின் உரிமையையே வெளிநாட்டுக் கம்பெனிக்கு மாற்றுவதும் மூலதனத்தை வெளியே கொண்டுபோவதாகவே கருதப்படும். 2011-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படியில்லை என்றது. அடுத்த ஆண்டே அரசு விதியைத் திருத்தி அறிவுசார் சொத்தையும் உள்ளே சேர்த்துவிட்டது. 2017-இலிருந்து நியாயமான சந்தை விலையில், உறவு இல்லாத இருவருக்கிடையே நடக்கும் சாதாரண விற்பனைக்கு வங்கியே ஒப்புதல் தரலாம். விலை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்ற தாள் கையில் இருக்கட்டும்.

ஆட்கள் விஷயம். தொழிலுறவுச் சட்டத்தின் (1995-இன் 66) 197-ஆம் பிரிவு, தொழில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே கைமாறினால் ஊழியர்களும் பழைய நிபந்தனைகளோடு தானாகவே புது முதலாளியிடம் போவார்கள் என்கிறது. இது தொழிலை விற்கும்போது. பங்கை விற்றால் முதலாளி அதே கம்பெனிதான். எதுவும் மாறியதாகவே சட்டம் பார்க்காது. ஆறு மாதம் கழித்து ஆட்குறைப்பு வந்தால் சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்சத் தொகை, முடித்த ஆண்டு ஒன்றுக்கு ஒரு வாரச் சம்பளம். மூன்று ஆண்டு இருந்தவருக்கு மூன்று வாரம். அதனால் விற்கும்போதே பேரம் பேசுங்கள்: கைமாறிய 18 மாதத்துக்குள் வேலை நீக்கினால் இத்தனை மாதச் சம்பளம், சேராத பங்கு முழுவதும் உடனே சேரும் என்று. விற்கும் நாளில் கேட்டால் தருவார்கள். பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

வாங்கியவரின் ஆட்களும் மாறுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஜோஹனஸ்பர்க்கின் 24 பிட் கேம்ஸை 2022-இல் அமெரிக்காவின் அன்னபூர்ணா இன்டராக்டிவ் வாங்கியது. 2024 செப்டம்பரில் அன்னபூர்ணா இன்டராக்டிவின் ஊழியர்கள் 25 பேரும், உரிமையாளரோடு பேச்சு முறிந்ததால், ஒட்டுமொத்தமாக விலகினார்கள். நீங்கள் நம்பிக் கைகொடுத்த மனிதர்கள் அங்கே இல்லாமல் போகலாம். அவர்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் விலகினால் உங்களுக்கு என்ன உரிமை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உரிமையைத் திரும்ப வாங்கும் முதல் வாய்ப்பு உங்களுக்கு என்பது அதில் குறைந்தபட்சம்.

'பிறகு தருகிறோம்' என்ற தொகையைப் பற்றித் தனியே எச்சரிக்கிறோம். 'சப்னாட்டிகா' செய்த அன்னோன் வேர்ல்ட்ஸை 2021-இல் கொரியாவின் கிராஃப்டன் வாங்கியபோது முன்பணம் 50 கோடி டாலர்; பிறகு இலக்கை எட்டினால் இன்னும் 25 கோடி வரை. 2025 ஜூலையில் ஸ்டூடியோவின் தலைவர்களைக் கிராஃப்டன் நீக்கியது, அடுத்த கேமின் வெளியீடு 2026-க்குத் தள்ளிப்போனது, விவகாரம் டெலவேர் நீதிமன்றத்துக்குப் போனது. இலக்குத் தொகை வருமானத்தைச் சார்ந்தது, வருமானம் வெளியீட்டு நாளைச் சார்ந்தது. வெளியீட்டு நாளை முடிவு செய்பவர் பணம் தர வேண்டியவர் என்றால் சண்டைக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது. ஆகவே வருமானம் என்றால் கடைப்பங்கு கழித்தா கழிக்காமலா, வரி கழித்தா என்று வரையறுங்கள். வெளியீட்டு நாளை முடிவு செய்வது யார் என்று எழுதுங்கள். உங்களைக் காரணமின்றி நீக்கினாலோ கேமை நிறுத்தினாலோ இலக்கை எட்டியதாகவே கொள்ளப்படும் என்ற வரியைச் சேருங்கள். அந்த வரிக்கு எதிராளி ஒப்பவில்லை என்றால், பின்தொகையைப் பூஜ்ஜியம் என்று வைத்து முன்பணம் உங்களுக்குப் போதுமா என்று பாருங்கள்.

தாளில் உரிமை இருந்தும் கையில் சாவி இல்லாமல் போகும் இடங்கள் சில உண்டு. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ஒரு கேமை ஏற்ற 100 டாலர் கட்டணம். பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று பதிப்பாளரின் கணக்கிலேயே ஏற்றிவிடுகிறார்கள். பிரியும் நாளில் கேமின் பக்கம், விமர்சனங்கள், விருப்பப் பட்டியலில் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் எல்லாம் அவர் கணக்கில் இருக்கும். அவர் மனம் வைத்தால்தான் மாற்ற முடியும். உங்கள் கம்பெனிக் கணக்கிலேயே ஏற்றி, பதிப்பாளருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். ஆண்ட்ராய்டு செயலியின் கையெழுத்துச் சாவிக் கோப்பு ஒருவருடைய மடிக்கணினியில் மட்டும் இருந்து அது தொலைந்தால், கூகிளின் சாவிப் பாதுகாப்பைச் சேர்த்திருந்தாலொழிய அதே செயலிக்கு இனி புதுப் பதிப்பு போட முடியாது. கன்சோல் நிறுவனங்கள் கேம் எழுதிச் சோதிக்கத் தரும் டெவ் கிட் கருவி உங்கள் சொத்து இல்லை. கம்பெனி கைமாறினால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், கேட்டால் திருப்பித் தர வேண்டும். எஞ்சின் (கேமைக் கட்டும் அடிப்படை மென்பொருள்) உரிமம், எழுத்துரு, ஒலி மென்பொருள் இவை எந்தப் பெயரில் வாங்கியவை, இன்னொருவருக்கு மாற்றலாமா என்று ஒரு பட்டியல் வேண்டும். அன்ரியல் எஞ்சின் என்றால் ஒரு கேமின் மொத்த வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகு 5 சதவீத ராயல்டி உண்டு; வாங்க வருபவர் அந்தப் பாக்கியைத் துருவிக் கேட்பார்.

சோர்ஸ் கோட் மட்டும் பத்திரமாக இருந்தால் போதாது. எஞ்சினின் சரியான பதிப்பு எண், செருகுநிரல்கள், கேமைக் கட்டும் முறை, மூல ஓவியக் கோப்புகள், இசையின் தனித்தனித் தடங்கள் எல்லாம் சேர்ந்தால்தான் ஐந்தாண்டு கழித்து அதே கேமைத் திரும்பக் கட்ட முடியும். ஒவ்வொரு வெளியீட்டு நாளிலும் இவை அனைத்தையும் இரண்டு வன்தட்டில் எழுதி, ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே வையுங்கள். மின்வெட்டு நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த தட்டை நம்ப வேண்டாம். எழுதிய பிறகு சரிபார்ப்பு எண் எடுத்து ஒப்பிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, அந்த வேலையைச் செய்யாத இன்னொருவரிடம் தட்டைக் கொடுத்து, வெற்றுக் கணினியில் கேமைக் கட்டச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறாரோ அங்கே உங்கள் குறிப்பில் ஒரு படி விடுபட்டிருக்கிறது.

முதல் போடும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கேட்டான் என்று கைமாற்றாகக் கொடுத்துவிட்டு, கேம் ஓடிய பிறகு "எனக்கும் பங்கு உண்டு" என்று சொல்லும் நிலை வேண்டாம். குடும்பத்துக்குள் மனக்கசப்பு, வாங்க வருபவருக்கு பயம், இரண்டும் அதில் வரும். கொடுப்பது கடனா பங்கா என்று முதல் நாளே எழுதுங்கள். கடன் என்றால் வட்டி, தவணை. பங்கு என்றால் எத்தனை சதவீதம், விற்பனைக்கு உங்கள் சம்மதம் வேண்டுமா இல்லையா. உங்கள் பணம் பறிபோகலாம் என்பதையும் தெரிந்தே கொடுங்கள். நல்ல கேமும் விற்காமல் போவதுண்டு. கோயில் அறக்கட்டளைப் பணத்தை, எத்தனை நல்ல எண்ணத்தோடு என்றாலும், இதில் போட வேண்டாம்.

இந்த மடலோடு ஒரு வழக்கறிஞரிடம் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: எம்.ஓ.ஐ., பங்குப் பதிவேடு, ஒவ்வொரு ஊழியரின் வேலை ஒப்பந்தம், வெளியார் ஒவ்வொருவரின் உரிமை மாற்றத் தாள், எஞ்சின், இசை, எழுத்துரு உரிமங்களின் பட்டியல், கடைக் கணக்குகள் யார் பெயரில் என்ற ஒரு பக்கக் குறிப்பு. இவை இருந்தால் அவர் மணிக்கணக்கில் கேள்வி கேட்டுக் கட்டணம் ஏற்ற வேண்டியிருக்காது. வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்த பிறகு இவற்றைத் தேடத் தொடங்கினால் இசை போட்ட நண்பர் வேறு நாட்டில் இருப்பார். இப்போதே, கேம் பாதியில் இருக்கும்போதே, வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
டர்பனிலும் ஜோஹனஸ்பர்க்கிலும் கேம், ஒப்பந்தம், கணக்கு வேலைகளில் இருக்கும் தமிழர் சிலர்